முகாமிலிருந்து வீட்டுக்கு: இரண்டாம் உலகப்போர் அமெரிக்கப் பயிற்சிக் கடிதங்களைப் படிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1940 முதல் 1945 வரை அமெரிக்கத் தரைப்படையின் உள்நாட்டு முகாம்களில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. பழைய பெட்டியில் கண்டெடுத்தவர், ஏலத்தில் வாங்கியவர், ஆய்வுக்காகப் புரட்டுபவர் எல்லோருக்கும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். போர்முனையிலிருந்து வந்த கடிதங்களுக்கு விதிகள் வேறு. தேவைப்படும் இடத்தில் மட்டும் அவற்றைத் தொட்டுச் செல்கிறோம்.

கடிதக் கட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

கட்டை அவிழ்க்காமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாயோ மனைவியோ வந்த வரிசையிலேயே அடுக்கிக் கட்டி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். தேதி போடாத கடிதங்கள் நடுவே இருந்தால் அந்த வரிசைதான் பிறகு கைகொடுக்கும். அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு உறையை எடுத்து, உறைக்கும் உள்ளே இருக்கும் தாள்களுக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் பின்பக்க மூலையில் இலேசாக எழுதுங்கள். பேனா வேண்டாம், ஒட்டுத்தாளும் வேண்டாம்.

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். படிக்கும் ஆவலில் தாள்களை எல்லாம் ஒரு பக்கம், உறைகளை எல்லாம் ஒரு பக்கம் குவித்துவிடுகிறார்கள். தேதியும் முகவரியும் உறையில், செய்தி தாளில். இரண்டும் பிரிந்த பிறகு மறுபடி பொருத்துவது பெரும்பாடு. துருப்பிடித்த காகிதக் கவ்வி இருந்தால் இழுக்காதீர்கள். மெல்லிய பாலியெஸ்டர் துண்டை அடியில் செருகி, கவ்வியின் நீண்ட பக்கத்தை மெதுவாக நிமிர்த்தி எடுங்கள். ரப்பர் வளையம் உருகி ஒட்டியிருந்தால் ஒட்டிய பகுதியைச் சுரண்ட வேண்டாம்.

உறையிலிருந்து என்னவெல்லாம் தெரிந்துகொள்ளலாம்?

கடிதத்தில் இல்லாத பாதிக் கதை உறையில் இருக்கிறது என்றே சொல்லலாம்.

வலது மேல் மூலையில் தபால்தலை இல்லாமல் கையால் ‘ஃப்ரீ’ என்று எழுதியிருந்தால் அது 1942 ஏப்ரல் 1-க்குப் பிந்தியது. படையினரின் சாதாரணக் கடிதங்களுக்கு அன்று முதல் கட்டணம் இல்லை. அதற்கு முன் என்றால் 3 சென்ட் தலை இருக்கும். விமானத் தபாலுக்கு இந்தச் சலுகை கிடையாது; ஆகவே 1943-இல் விமானத் தலை ஒட்டிய உறையைப் பார்த்தால் பையன் அவசரத்தில் இருந்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். விடுப்பு கிடைத்த செய்தி, பணம் கேட்பது, இடமாற்றம் ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

இடது மேல் மூலையில் அனுப்புநர் முகவரி: பதவி, பெயர், படை எண், கம்பெனி, பட்டாலியன், ரெஜிமெண்ட், முகாம். கம்பெனியும் பட்டாலியனும் மாறும் இடத்தை எல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். அவனுடைய பயிற்சிப் பாதை முழுவதும் அந்த ஒரே தாளில் வந்துவிடும்.

படை எண்ணுக்குப் பெரும்பாலும் எட்டு இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் தானாக முன்வந்து சேர்ந்தவன், 2 என்றால் தேசியக் காவல் படை வழியாக வந்தவன், 3 அல்லது 4 என்றால் கட்டாயச் சேர்ப்பு. 6 அல்லது 7-இல் தொடங்கும் ஏழு இலக்க எண் போருக்கு முன்பே நிரந்தரப் படையில் இருந்தவர்களுக்கு உரியது. கட்டாயச் சேர்ப்பு எண்ணில் இரண்டாம் இலக்கம் வட்டாரத்தைக் காட்டும்: 32 என்றால் நியூயார்க், நியூஜெர்சி பக்கம், 36 என்றால் இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின், 38 என்றால் டெக்சஸும் அண்டை மாநிலங்களும், 39 என்றால் மேற்குக் கரையோரம். இது படையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட இடம், பிறந்த இடம் அல்ல. வேலை தேடி டெட்ராய்ட் போன தெற்கத்திப் பையனுக்கும் 36 தான் வரும்.

பெறுநர் முகவரியில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்க எண் (சிகாகோ 12 என்பது போல) இருந்தால் 1943 மே மாதத்துக்குப் பிந்தியது என்று கொள்ளலாம். பெரிய நகரங்களுக்கு அஞ்சல் மண்டல எண்கள் அப்போதுதான் வந்தன. ஐந்து இலக்க எண் இருந்தால் போர்க்கால உறையே அல்ல. அந்த முறை 1963-இல்தான் தொடங்கியது.

‘செவ்வாய் இரவு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முத்திரையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெரிய முகாம்களுக்குள்ளேயே தபால் நிலையம் இருந்ததால், இரவில் எழுதிய கடிதம் பெரும்பாலும் மறுநாள் முத்திரை பெற்றுவிடும். 1942 ஜனவரி 1 வியாழன், 1943-இல் வெள்ளி, 1944-இல் சனி, 1945-இல் திங்கள். இந்த நான்கை வைத்துக்கொண்டு எந்தத் தேதிக்கும் கிழமை போட்டுவிடலாம். 1944 லீப் ஆண்டு என்பதை மறக்க வேண்டாம்.

உறை இல்லாத தாள் என்றால் சம்பள நாள் (மாதக் கடைசி), ஊசி, துப்பாக்கித் திடல், கூடாரப் பயிற்சி போன்ற அடையாளங்களை வைத்துப் பக்கத்துக் கடிதங்களோடு பொருத்த வேண்டும். கிடைத்த தேதி கணித்ததுதான் என்பதைச் சதுர அடைப்புக்குறிக்குள் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதையே எழுதியவன் போட்ட தேதி என்று நினைத்துவிடுவார்.

முதல் வாரத்துக் கடிதங்கள் எல்லாம் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன?

எல்லோருக்கும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைவு. உள்ளூர் கட்டாயச் சேர்ப்பு வாரியத்தின் அழைப்பு, உடற்பரிசோதனை, உறுதிமொழி, பிறகு ரயிலில் வரவேற்பு மையம். அங்கே சில நாள் முதல் ஓரிரு வாரம் வரை தங்கல். சீருடை, பூட்ஸ், ஊசி, காப்பீட்டுப் படிவம், போர்ச்சட்ட விதிகளை உரக்க வாசித்துக் காட்டுவது, வகைப்பாட்டுத் தேர்வு, முன்பு செய்த தொழிலைப் பற்றிய நேர்காணல். போட்டு வந்த சாதாரண உடைகளை அட்டைப்பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ‘என் துணிகள் வந்து சேர்ந்ததா?’ என்ற வரி இருந்தால் அது அனேகமாக முதல் இரண்டு வாரத்துக் கடிதம்.

அந்தத் தேர்வைக் கவனியுங்கள். 40 நிமிடம், 150 கேள்விகள்: சொல்லறிவு, கணக்கு, படத்தில் அடுக்கியிருக்கும் கட்டைகளை எண்ணுவது. 110 அல்லது அதற்கு மேல் எடுத்தால் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தகுதி உண்டு. ‘115 வாங்கினேன்’ என்று எழுதும் பையன் அடுத்த மாதங்களில் அதிகாரிப் பயிற்சியைப் பற்றிப் பேசத் தொடங்குவான். எண்ணே சொல்லாதவனை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். பலருக்கு அதன் முக்கியத்துவமே தெரியவில்லை.

பயிற்சி மொத்தம் எத்தனை வாரம்?

ஆண்டைப் பொறுத்தது. போருக்கு முன் 13 வாரம். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆள் தேவை முட்டியதால் 8 வாரமாகக் குறைத்தார்கள். 1942-இலேயே மீண்டும் 13 ஆக்கினார்கள். 1943-இல் காலாட்படைக்கு 17 வாரம் வரை நீண்டது. 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டுச் சண்டையில் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட 1945 தொடக்கத்தில் 15 வாரமாக வெட்டினார்கள். 13 வாரம் என்று இணையத்தில் படித்துவிட்டு 1944 கடிதங்களை அதில் திணிக்கப் பார்ப்பவர்கள் நிறைய. நான்கு வாரம் எங்கே போனது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

17 வாரப் பாடத்தில் முன்பகுதி அணிநடை, மரியாதை விதிகள், முதலுதவி, வரைபடம், விஷவாயு, துப்பாக்கி. நடுப்பகுதி இயந்திரத் துப்பாக்கி, சிறு பீரங்கி, கையெறி குண்டு. கடைசி இரண்டு மூன்று வாரம் வெட்டவெளியில் கூடாரம். ஒவ்வொருவனும் பாதிக் கூடாரத் துணியைச் சுமப்பான். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு கூடாரம். ஆகவே ‘என் கூடாரத் தோழன்’ என்ற புதுப்பெயர் கடிதத்தில் தலைகாட்டினால் பயிற்சி முடியப்போகிறது. இந்த வாரக் கடிதங்கள் பென்சிலில், அழுக்குப் படிந்து, நான்கே வரியில் இருக்கும்.

முகாம் பெயரே பிரிவையும் காட்டிவிடும். வால்டர்ஸ் (டெக்சஸ்), கிராஃப்ட் (தென் கரோலினா), வீலர் (ஜார்ஜியா) எல்லாம் காலாட்படை மாற்றுவீரர் பயிற்சி மையங்கள். நாக்ஸ் கோட்டை கவசப்படை, பெல்வார் கோட்டை பொறியாளர் படை, பார்க்லி முகாம் மருத்துவப் படை. விமானப்படைப் பையன்கள் சிலருக்கு மயாமி கடற்கரை ஓட்டல்களே பாசறை. அங்கிருந்து வரும் கடிதங்களின் தொனியும் அதற்கேற்ப இருக்கும்!

‘இன்று மறுபடி ஷாட் வாங்கினேன்’ என்கிறானே, காயமா?

இல்லை, தடுப்பூசி. டைபாய்டுக்கு வாரம் ஒன்றாக மூன்று, டெட்டனஸுக்கு மூன்று வார இடைவெளியில் மூன்று, அம்மைக்குக் கீறல். கை வீங்கி, காய்ச்சல் அடித்து, அதோடு அணிநடையும் போவதால் இது ஒரு பெரிய செய்தியாகவே வீட்டுக்குப் போகும். இந்த இடைவெளிகளை வைத்துத் தேதி இல்லாத கடிதங்களை வரிசைப்படுத்தலாம்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். 1942 வசந்தத்திலும் கோடையிலும் ‘மஞ்சளாகிப் போனேன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், சோறே இறங்கவில்லை’ என்ற கடிதங்கள் வந்தால் அது தனிப்பட்ட நோய் அல்ல. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் கலந்திருந்த மனித சீரத்தின் வழியாகக் கல்லீரல் அழற்சி வைரஸ் பரவி, ஏறக்குறைய 50,000 வீரர்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது. காரணம் எழுதியவனுக்கும் அப்போது தெரியாது. அவன் முகாம் சாப்பாட்டைக் குறை சொல்லியிருப்பான்.

துப்பாக்கித் திடல் பற்றிய வரிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

முதலில் எந்தத் துப்பாக்கி என்று பாருங்கள். எம்1 கேரண்ட் சுமார் 9.5 பவுண்டு எடை; எட்டுத் தோட்டா ஒரே கவ்வியில் உள்ளே போகும். 1942 வரை போதுமான எம்1 இல்லாததால் 1903 ஸ்பிரிங்ஃபீல்டும் 1917 என்ஃபீல்டும் பல முகாம்களில் இருந்தன. ‘பழைய துப்பாக்கி கொடுத்தார்கள்’ என்ற முணுமுணுப்பை நம்பலாம்.

‘எம்1 கட்டைவிரல்’ என்ற புகார் எல்லா முகாமிலிருந்தும் வரும். காலி அறையைச் சோதிக்கும்போது உள்ளே இருக்கும் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் போல்ட் விடுபட்டு முன்னால் பாயும். வலது உள்ளங்கையின் ஓரத்தால் இயக்குதண்டின் கைப்பிடியைப் பின்னால் பிடித்துக்கொள்ளாதவனுக்கு நகம் போய்விடும். கையெழுத்து ஒரு வாரம் திடீரென்று கோணலாக இருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தூரங்கள் 200, 300, 500 கெஜம். படுத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, நின்று என நான்கு நிலைகள். குறி முற்றிலும் தப்பினால் குழியிலிருந்து சிவப்புக் கொடியை ஆட்டுவார்கள். அதற்கு ‘மேகியின் உள்ளாடை’ என்று பெயர். அம்மாவுக்கு எழுதும்போது அந்தப் பெயரை விழுங்கிவிடுவான், தம்பிக்கு எழுதும்போது வரும். தேர்ச்சிக்கு மூன்று படி: மார்க்ஸ்மேன், ஷார்ப்ஷூட்டர், எக்ஸ்பர்ட். கடைசியதுதான் உயர்ந்தது. பெயரை மட்டும் பார்த்து ஷார்ப்ஷூட்டரை உச்சி என்று எழுதிவிடுவோர் உண்டு.

சுட்ட பிறகு மூன்று நாள் தொடர்ந்து குழாயைத் துடைத்த கதை வரும். அது சார்ஜெண்டின் கொடுமை இல்லை. அன்றைய .30 தோட்டாக்களின் தீமூட்டியில் இருந்த குளோரேட் எரிந்து உப்பாகப் படியும். ஈரம் பட்டால் ஒரே இரவில் துரு. எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர் கலந்த திரவம்தான் கரைக்கும். எண்ணெய் மட்டும் பூசிவிட்டுப் படுத்தவனின் துப்பாக்கி மறுநாள் சோதனையில் மாட்டிக்கொள்ளும், அந்த வார விடுப்பும் போகும்.

1943-க்குப் பின்னர் உயிர்த்தோட்டா ஊர்தல் திடலும் சேர்ந்தது. முள்கம்பிக்கு அடியில் மல்லாந்தும் குப்புறவும் ஊர்ந்து போக வேண்டும். தலைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 30 அங்குல உயரத்தில் இயந்திரத் துப்பாக்கி உண்மையாகவே சுடும். பக்கத்துக் குழிகளில் வெடிமருந்து வெடிக்கும். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை.

‘கேபி’ என்றால் என்ன?

சமையற்கூடப் பணி. அகரவரிசைப்படி முறை வரும், தண்டனையாகவும் வரும். விடியுமுன் எழுப்ப வேண்டியவனை இருட்டில் அடையாளம் காணக் கட்டிலின் கால்மாட்டில் துண்டு கட்டி வைப்பார்கள். உருளைக்கிழங்கு உரிப்பது படங்களில் வருவது. எல்லோரும் வெறுத்த வேலைகள் பெரிய அண்டாக்களைத் தேய்ப்பதும், கழிவுநீர்த் தொட்டியில் மிதக்கும் கொழுப்பை வழிப்பதும்தான். இரவு வரை நீளும். கேபி நாளில் எழுதிய கடிதம் அபூர்வம்.

மாதம் 50 டாலர் சம்பளம் வாங்கியவன் ஏன் வீட்டில் ஐந்து டாலர் கேட்கிறான்?

1942 ஜூனுக்கு முன் சம்பளம் இன்னும் குறைவு: முதல் நான்கு மாதம் 21 டாலர், பிறகு 30. அந்த ஜூனில் கடைநிலை வீரனுக்கு 50 டாலர் ஆனது. ஆனால் கைக்கு வருவது வேறு. 10,000 டாலர் ஆயுள் காப்பீட்டுக்கு இளைஞனிடம் மாதம் சுமார் 6.50 பிடிப்பார்கள். போர்ப் பத்திரத்துக்கு 6.25 (18.75 டாலர் பத்திரத்தை மூன்று மாதத்தில் வாங்கும் கணக்கு). சலவைக்கு 1.50. மீதி 35.75. மணமானவன் என்றால் மனைவியின் 50 டாலர் உதவித்தொகையில் 22 அவன் சம்பளத்திலிருந்தே போகும், 28 அரசு போடும். அவன் கையில் நிற்பது 13.75.

புதிதாகச் சேர்ந்தவனுக்கு இன்னொரு கண்ணி. சம்பளப் பட்டியலில் அவன் இருந்த நாளுக்கும் சம்பள நாளுக்கும் நடுவே இடம் மாறினாலோ, அவன் போடும் கையெழுத்து, பட்டியலில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டாலோ பெயர்மேல் சிவப்புக் கோடு விழும்; அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதம்தான். முதல் இரண்டு மாதக் கடிதங்களில் பணம் கேட்காதவனே குறைவு. ஊதாரி என்று முத்திரை குத்த அவசரப்பட வேண்டாம்.

முக்கியமான விஷயங்களைத் தணிக்கை அதிகாரி நீக்கியிருப்பாரா?

இந்தப் பக்கத்துக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். உள்நாட்டுப் பயிற்சி முகாம்களில் வழக்கமான கடிதத் தணிக்கை கிடையாது. வெளிநாட்டில் இருந்த படையினரின் கடிதங்களைத்தான் அவர்களுடைய பிரிவு அதிகாரியே படித்து, வேண்டாத வரியை வெட்டி, உறையின் மேல் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். உள்நாட்டில் விதிவிலக்குகள் சில: கப்பலேறும் துறைமுகத்துக்கு அருகில் இருந்த இடைத்தங்கல் முகாம்கள் (நியூஜெர்சியின் கில்மர், நியூயார்க்கின் ஷாங்ஸ், கலிபோர்னியாவின் ஸ்டோன்மன்), லாஸ் அலமோஸ் (அணுகுண்டு ஆய்வுக்கூடம்) போன்ற இரகசியப் பணியிடங்கள்.

அப்படியானால் பயிற்சிக் கடிதங்களில் ஏன் இத்தனை மௌனம்? தாய்க்கு எழுதுகிறவன் தானே தணிக்கை செய்துகொள்கிறான். அழுகை, பயம், அடிபட்ட நண்பன், சாராயம், சார்ஜெண்டின் வசவு எல்லாம் வடிகட்டப்பட்டு, சாப்பாடும் வானிலையும் மிஞ்சும். எடை கூடியிருக்கிறேன் என்ற வரி எல்லாக் கட்டிலும் இருக்கும். மகன் பட்டினி கிடக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க ஒரே வழி, ஒரே வாரத்தில் வெவ்வேறு ஆட்களுக்குப் போன கடிதங்களைப் பக்கத்தில் வைப்பது. ஊர்தல் திடலைப் பற்றி அம்மாவுக்கு ‘இன்று சட்டை முழுக்கச் சேறு’ என்றும், அண்ணனுக்கு ‘தலைக்கு மேல் குண்டு போனது’ என்றும் எழுதும் வழக்கம் உண்டு. இரண்டும் பொய் அல்ல. அம்மாவுக்குப் போன கட்டு மட்டும் உங்களிடம் இருந்தால், அதை அவனுடைய அனுபவம் முழுவதுமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெட்டப்பட்ட துளை இல்லாத உள்நாட்டுக் கடிதத்தில் ‘தணிக்கையால் விடுபட்டது’ என்று அடிக்குறிப்பு எழுதுவதை நிறுத்தினாலே பாதிப் பிழை குறையும்.

வி-மெயில் ஏன் இந்தக் கட்டில் இல்லை?

அது கடல் கடந்த தபாலுக்கு. ஒரு பக்கப் படிவத்தை 16 மி.மீ. படச்சுருளில் பிடித்து, சேருமிடத்தில் சுமார் 4¼ × 5¼ அங்குலத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். 1942 ஜூன் 15 முதல் 1945 நவம்பர் 1 வரை. கட்டில் முதல் வி-மெயில் வந்தால் பையன் கப்பலேறிவிட்டான்.

எல்லோருடைய பயிற்சிக் கடிதங்களும் இப்படித்தானா?

இல்லை. படை அப்போது நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பின வீரர்கள் தனிப் பிரிவுகளில், தனிப் பாசறைகளில் பயிற்சி பெற்றார்கள். வடக்கிலிருந்து தெற்கத்தி முகாமுக்குப் போனவர்களின் கடிதங்களில் துப்பாக்கியைவிடப் பேருந்தும் உணவகமும் பெரிய விஷயம். வெளியூர் விடுப்பு கிடைத்தும் முகாமுக்குள்ளேயே இருந்துவிட்டேன் என்ற வரிக்கு அங்கே வேறு பொருள்.

ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களின் 442-ஆம் ரெஜிமெண்ட் மிசிசிப்பியின் ஷெல்பி முகாமில் பயிற்சி பெற்றது. அவர்களில் பலருடைய பெற்றோர் ஹார்ட் மவுண்டன், மன்சனார் போன்ற தடுப்பு முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தார்கள். ‘வீட்டுக்கு’ என்று எழுதிய உறையில் பிளாக் எண்ணும் பாசறை எண்ணும் இருப்பதைப் பார்த்தால் அதுவும் ராணுவ முகவரி என்று தவறாக எண்ணிவிடாதீர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 1943 முதல் சிறப்புப் பயிற்சிப் பிரிவுகள் இருந்தன. நான்காம் வகுப்பு அளவுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுத்த பிறகே வழக்கமான பயிற்சி. ஒரே கட்டில் முதல் கடிதங்கள் சரளமாகவும் பிந்தியவை கிறுக்கலாகவும் இருந்தால், முதலில் நண்பன் எழுதிக் கொடுத்தான், பிறகு இவனே எழுதக் கற்றான் என்பது சாத்தியம். கையெழுத்து மாறியதால் வேறு ஆள் என்று ஒதுக்க வேண்டாம்.

கல்லூரி முத்திரையோடு வருபவை படையின் சிறப்புக் கல்வித் திட்டத்தைச் சேர்ந்தவை. பொறியியல், மொழி படித்துக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 1944 தொடக்கத்தில் வகுப்பிலிருந்து எடுத்துப் பெரும்பாலும் காலாட்படைக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் தொனி திடீரென்று கசப்பாகும்.

பயிற்சி முடிந்ததை எப்படி அறிவது?

பத்து நாள் அளவு விடுப்பு, அந்த இடைவெளியில் கடிதமே இருக்காது (அவன்தான் வீட்டில் இருக்கிறானே). பிறகு ஐரோப்பாவுக்குப் போகிறவன் மேரிலாந்தின் மீட் கோட்டையிலிருந்தும், பசிபிக் போகிறவன் கலிபோர்னியாவின் ஆர்ட் கோட்டையிலிருந்தும் எழுதுவான். அடுத்து முகவரி மாற்ற அட்டை: ஊர்ப்பெயர் போய், ஏபிஓ (படை அஞ்சல் நிலையம்) எண்ணும் ‘அஞ்சல் தலைவர், நியூயார்க்’ அல்லது ‘சான் பிரான்சிஸ்கோ’ என்பதும் வரும். முதலில் கிடைப்பது தற்காலிக ஏபிஓ எண். அதை வைத்துப் போர்முனைப் பிரிவைத் தேடினால் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்.

அரசு ஆவணங்களோடு ஒப்பிட முடியுமா?

முடியும், ஆனால் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீயில், 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் எரிந்துபோயின. நகலும் இல்லை, நுண்படமும் இல்லை. பயிற்சிக் காலத்துக்கு இந்தக் கடிதங்களே சில நேரம் ஒரே சான்று.

எஸ்எஃப்-180 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். படையிலிருந்து விலகி 62 ஆண்டு கடந்த கோப்புகள் யாருக்கும் திறந்தவை. கோப்பு எரிந்திருந்தாலும் கம்பெனிகளின் அன்றாடக் காலை அறிக்கைகளும் இறுதிச் சம்பளச் சீட்டுகளும் தனியாக இருக்கின்றன. காலை அறிக்கையில் தேட ஆளின் பெயர் போதாது, கம்பெனியும் தேதியும் வேண்டும். உறைகளிலிருந்து எடுத்த முகவரித் தாள் இங்கே சாவியாகும்.

கடிதங்களைப் பார்த்துப் படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்தலாமா?

கூடாது. எழுத்துப்பிழை, அடித்த சொல், ஓரத்தில் வரைந்த படம், நடுவே மாறிய மை எல்லாவற்றையும் உள்ளபடியே குறியுங்கள். புரியாத சொல்லை ஊகித்தால் சதுர அடைப்பில் கேள்விக்குறியோடு போடுங்கள். தாளின் தலைப்பையும் எழுதுங்கள்: ரெட் கிராஸ், யுஎஸ்ஓ, ஒய்எம்சிஏ தாள் என்றால் ஓய்வு மண்டபத்தில் மேசையில் உட்கார்ந்து எழுதினான், தலைப்பில்லாத தாள் என்றால் கட்டில் மேல், மடியில் பெட்டி வைத்து எழுதியிருக்கலாம். கையெழுத்து வேறுபாட்டுக்கு அதுவே விளக்கம்.

காகிதத்தை எப்படிக் காப்பாற்றுவது?

மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலமே அதன் எதிரி. அமிலமற்ற உறையில், மடிப்பை விரித்துத் தட்டையாக வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் மட்டும். பிவிசி காலப்போக்கில் அமிலத்தைக் கக்கும். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம், வெப்பம் 21 டிகிரிக்குக் கீழ். மேல்மாடமும் நிலவறையும் ஆகாது. நாளிதழ்த் துண்டுகளைக் கடிதத்தோடு வைக்காதீர்கள். பழுப்பு பக்கத்துத் தாளுக்கும் ஏறும். லேமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்க வழியே இல்லை. ஒட்டுநாடாவும் அப்படித்தான், பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகும்.

மடிப்பு உடையும் நிலையில் இருந்தால் நீராவி காட்டும் யோசனை வேண்டாம். அன்றைய கழுவக்கூடிய நீல மை ஈரம் பட்டால் பரவிவிடும். பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் கொடுங்கள்.

ஸ்கேன் செய்ய 400 டிபிஐ போதும், மங்கிய பென்சிலுக்கு 600. உறையின் இரு பக்கமும், வெற்றுப் பக்கமும் சேர்த்து. மூலப்படி டிஃப் வடிவில், கோப்புப் பெயர் 1943-03-14_01 என்ற முறையில் ஆண்டு முதலில் வரட்டும். பென்சில் கண்ணுக்கே தெரியாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் படம் எடுத்துப் பாருங்கள். அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

விலைக்கு வாங்கும் கட்டு உண்மையானதா?

பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய 1943 கடிதம் என்றால் தள்ளிவிடுங்கள். அமெரிக்கக் கடைகளில் அது விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபர் 29 அன்றுதான். பிற்காலத்தில் வீட்டார் பிரதி எடுத்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் மூலம் எங்கே என்று கேளுங்கள். வேறு கட்டிலிருந்து எடுத்த உறையில் கடிதத்தைச் செருகி விற்பதுதான் போலியைவிட அதிகம் நடப்பது. மடிப்பின் அளவு உறைக்குப் பொருந்துகிறதா, கையெழுத்தும் மையும் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள்.

இவற்றை நான் வெளியிடலாமா?

தாள் உங்களுடையது, எழுத்து அவனுடையது. அமெரிக்கச் சட்டப்படி வெளியிடப்படாத கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவரின் ஆயுள் முடிந்து 70 ஆண்டு வரை, பிறகுதான் பொதுவுடைமை. 1944-இல் போரில் இறந்தவனுடைய கடிதங்கள் 2014 முடிவோடு விடுபட்டுவிட்டன. ஊர் திரும்பி 1990-இல் இறந்தவனுடையவை 2060 வரை வாரிசுகளுக்குச் சொந்தம். ஏலத்தில் வாங்கியவருக்கு வெளியிடும் உரிமை தானாக வராது. அரசுப் பணியாளர் எழுதியது என்பதால் பொதுவுடைமை என்ற வாதமும் செல்லாது, வீட்டுக்கு எழுதிய கடிதம் அலுவல் பணி இல்லை. கடிதத்தில் வரும் பாசறைத் தோழர்களைப் பற்றிய நோய், கைது, குடும்பத் தகராறு போன்ற செய்திகள் இருந்தால் அவர்களுடைய பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிப் போடுவது நல்லது.